அந்த ‘எல்லோரும்’ யார் யார்? மனித உரிமைகள் வந்த கதை

எங்கள் தெருமுனை டீக்கடை வாசலில், வண்டி நிறுத்தக் கூடாது என்று பலகை வைத்திருக்கும் இடத்திலேயே, தினமும் காலையில் ஒரு வெள்ளைக் கார் நிற்கும். பின்கண்ணாடியில் சிவப்பும் நீலமுமாக ‘மனித உரிமைகள்’ என்று பெரிய ஸ்டிக்கர். அதன் கீழே எறும்பு ஊர்வது மாதிரி பொடி எழுத்தில் ஏதோ ஒரு அமைப்பின் பெயர், மாவட்டத் துணைத் தலைவர் என்று ஒரு பதவி. டிராஃபிக் போலீஸ்காரர் வருவார், அதைப் படிப்பார், பின்னால் நிற்கும் ஆட்டோவுக்கு மட்டும் ஃபைன் போட்டுவிட்டுப் போவார். அதே டீக்கடையில்தான், லாக்கப்பில் ஒருவர் செத்துப்போன செய்தி பேப்பரில் வந்த அன்று, “திருடனுக்கெல்லாம் என்னங்க மனித உரிமை?” என்று ஒரு பெரியவர் கேட்டார். யாரும் மறுத்துப் பேசவில்லை, நானும்தான்.

ஓரிடத்தில் அந்தச் சொல் அதிகாரம் காட்டப் பயன்படுகிறது, இன்னோரிடத்தில் குற்றவாளிக்குக் கொடுக்கும் சலுகை போலத் தெரிகிறது. இரண்டுமே தப்பு. ஏன் தப்பு என்று புரிய, அது எங்கிருந்து கிளம்பி எப்படி நம் வரைக்கும் வந்தது என்று கொஞ்சம் பின்னால் போய்ப் பார்க்க வேண்டும். சட்டம் படித்தவர்களுக்கு இதில் புதிதாக ஒன்றும் இருக்காது, இது மற்றவர்களுக்கு.

மணியைக் கட்டியது யார்?

மனுநீதிச் சோழன் கதையிலிருந்து ஆரம்பிக்கலாம். கன்றைப் பறிகொடுத்த பசு அரண்மனை வாசலுக்கு வந்து ஆராய்ச்சி மணியை அடிக்க, தேரோட்டி வந்த தன் சொந்த மகனையே ராஜா தேர்க்காலில் இட்டான். சின்ன வயதில் கேட்கும்போது நியாயத்துக்கு இதைவிட மேல் எதுவும் கிடையாது என்று தோன்றும். இப்போது கேட்டால் எனக்கு வேறு சந்தேகம் வருகிறது. அந்த மணியைக் கட்டியது ராஜா. அடுத்து வருகிற ராஜா, ராத்திரி தூக்கம் கெடுகிறது என்று அதை அவிழ்த்து உள்ளே வைத்துவிட்டால் பசு எங்கே போகும்? ‘மணியை மறுபடி கட்டு’ என்று போய்க் கேட்க அதற்கு ஓர் இடமும் இல்லை.

இன்னும் கிட்டத்தில் பார்ப்போம். மாதக் கடைசியில் பக்கத்து வீட்டு அக்கா ஒரு படி அரிசி கொடுத்தால் அது அன்பு. கொடுக்காவிட்டால் மனத்தாங்கல் படலாம், அவ்வளவுதான். ரேஷன் கடையில் கார்டை நீட்டி வாங்குவது அப்படியல்ல. சரக்கு வரவில்லை, நாளைக்கு வா என்று அலையவிட்டால் வட்ட வழங்கல் அலுவலகத்தில் எழுதிக் கொடுக்கலாம், அங்கேயும் நடக்கவில்லை என்றால் மேலே போகலாம், ஏனென்றால் அந்த அரிசி உங்கள் பங்கு என்று சட்டம் சொல்கிறது.

உரிமை என்பது இதுதான்: யார் கருணையையும் எதிர்பார்க்காமல் கேட்டு வாங்கக்கூடியது. அதற்குள் மூன்று கேள்வி இருக்கிறது. அது யாருக்கு? கொடுக்க வேண்டிய கடமை யார் தலையில்? கொடுக்காவிட்டால் எங்கே போய்க் கேட்பது? மூன்றுக்கும் பதில் இருந்தால்தான் அது உரிமை. ‘மனித உரிமை’ என்னும்போது முதல் கேள்விக்குப் பதில், மனிதராகப் பிறந்த எல்லோருக்கும் என்பது. இரண்டாவது கேள்விக்குப் பதில், பெரும்பாலும் அரசு.

“இதெல்லாம் நம்மிடம் எப்போதோ இருந்ததே, பிறப்பொக்கும் எல்லா உயிர்க்கும் என்று வள்ளுவரே சொல்லிவிட்டாரே” என்று கேட்பவர்கள் உண்டு. சொன்னார், சந்தேகமே இல்லை. ஆனால் அந்தக் குறளை மனப்பாடமாகச் சொல்லத் தெரிந்த ஊர்தான் மதுரை. அங்கே மீனாட்சியம்மன் கோயிலுக்குள் ஒடுக்கப்பட்ட சாதியினர் கால் வைத்தது 1939 ஜூலையில், அதைக் காப்பாற்ற ஒரு சட்டமே கொண்டுவர வேண்டியிருந்தது. குறளில் முதல் கேள்விக்கு அருமையான பதில் இருக்கிறது. மற்ற இரண்டு கேள்விகளைக் கேட்பது அதன் வேலை இல்லை.

களிமண் உருளையும் மெய்க்கீர்த்தியும்

‘உலகின் முதல் மனித உரிமைச் சாசனம்’ என்று வாட்ஸப்பில் ஒரு களிமண் உருளையின் படம் சுற்றும். பாரசீக மன்னர் சைரஸ், கி.மு. 539-இல் பாபிலோனைப் பிடித்தபின் எழுதவைத்தது. 1879-இல் தோண்டி எடுத்தார்கள், இப்போது பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. 1971-இல் ஈரான் அதன் நகல் ஒன்றை ஐ.நா.வுக்குக் கொடுத்தது, அப்போதிலிருந்து இந்தப் பட்டம் அதன்மேல் ஒட்டிக்கொண்டது. அடிமை முறையை ஒழித்தார், எல்லோருக்கும் மத சுதந்திரம் கொடுத்தார் என்று கூடவே ஒரு ‘மொழிபெயர்ப்பும்’ சுற்றுகிறது.

உருளையில் அப்படி எதுவும் இல்லை. மர்துக் என்ற கடவுள் என்னைத் தேர்ந்தெடுத்தார், பழைய ராஜா மோசம், நான் கோயில்களைச் சரிசெய்தேன், இடம் மாற்றிய சாமிகளையும் மக்களையும் அவரவர் ஊருக்கு அனுப்பினேன் என்று போகிறது. நம் ஊர்க் கல்வெட்டுகளில் ராஜாவின் புகழ் பாடும் மெய்க்கீர்த்தி படித்தவர்களுக்கு இந்த நடை பழக்கமானதுதான். நல்ல ராஜாவாக இருந்திருக்கலாம். ஆனாலும் மணியைக் கட்டியவர் அவரேதான்.

1215: தேம்ஸ் கரையில் ஒரு பேரம்

ராஜாவின் கையை முதன்முதலில் எழுத்தில் கட்டிப்போட்ட ஆவணம் என்று எல்லோரும் சொல்வது மாக்னா கார்ட்டாவை. இங்கே சோழநாட்டில் மூன்றாம் குலோத்துங்கன் ஆண்டுகொண்டிருந்தபோது, 1215 ஜூனில், இங்கிலாந்தின் ஜான் மன்னரைப் பிரபுக்கள் தேம்ஸ் நதிக்கரையில் ரன்னிமீட் என்ற புல்வெளிக்கு வரவழைத்து முத்திரை வைக்க வைத்தார்கள். பிரான்ஸில் தோற்ற போருக்கு அவர் வரிமேல் வரி போட்டதில் வந்த கோபம் அது.

முழுதாகப் படித்தால் இது மனித உரிமை ஆவணம் மாதிரியே இருக்காது. சொத்துத் தகராறு பஞ்சாயத்தில் எழுதிக்கொண்ட தீர்மானம் மாதிரி இருக்கும். கல்யாணம் செய்துகொள்ளச் சொல்லி விதவையைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று ஒரு பிரிவு. தேம்ஸ் நதியில் மீன் பிடிக்கப் போட்டிருக்கும் தடுப்புகளை எடுத்துவிட வேண்டும் என்று இன்னொரு பிரிவு. நடுவில் 39-ஆவதாக ஒன்று: சுதந்திர மனிதர் எவரையும், அவருக்குச் சமமானவர்களின் தீர்ப்போ நாட்டின் சட்டமோ இல்லாமல் பிடிக்கவோ சிறையில் அடைக்கவோ கூடாது.

அந்த ‘சுதந்திர மனிதர்’ என்ற சொல்லைக் கவனியுங்கள். அன்றைக்கு இங்கிலாந்தில் பெரும்பாலானோர் நிலத்தோடு கட்டப்பட்ட பண்ணையாட்கள். அவர்கள் இந்தக் கணக்கில் சேர்த்தி இல்லை. மூன்றாவது கேள்விக்கும் உருப்படியான பதில் இல்லை: ஆகஸ்ட் மாதமே போப்பாண்டவர் இது செல்லாது என்று சொல்லிவிட்டார், உள்நாட்டுப் போர் வந்தது, அடுத்த வருடம் ஜானும் இறந்துபோனார். அப்புறம் வந்தவர்கள் அதை வெட்டித் திருத்தி மறுபடி மறுபடி வெளியிட்டார்கள். 39-ஆம் பிரிவு மட்டும், எழுதியவர்கள் நினைத்தே பார்க்காத ஆட்களின் கைக்கு ஒவ்வொன்றாகப் போய்ச் சேர்ந்தது.

ஆளைக் கொண்டு வந்து காட்டு

ஆட்கொணர்வு மனு என்று பேப்பரில் அடிக்கடி பார்த்திருப்பீர்கள். ஒருவரைப் பிடித்து வைத்திருப்பவர், அந்த ஆளை நீதிபதி முன்னால் நிறுத்தி, எந்தச் சட்டப்படி பிடித்து வைத்திருக்கிறேன் என்று காரணம் சொல்ல வேண்டும். சொல்ல முடியாவிட்டால் விட்டுவிட வேண்டும். இங்கிலாந்தில் பழைய வழக்கமாக இருந்த இதை 1679-இல் ஒரு சட்டமாக்கி, ஓட்டைகளை அடைத்தார்கள். ரொம்பப் பெரிய தத்துவம் எதுவும் அதில் இல்லை. எத்தனை நாளுக்குள் ஆளைக் கொண்டுவர வேண்டும், தாமதித்தால் எவ்வளவு அபராதம் என்று நடைமுறை பேசும் சட்டம். என் கணக்கில் மாக்னா கார்ட்டாவைவிட இதுதான் பெரிய விஷயம், ஏனென்றால் எங்கே போய்க் கேட்பது என்பதற்கு இங்கே ஒரு வாசல் கிடைத்துவிட்டது.

அந்த வாசல் வழியாக யார் போனார்கள் பாருங்கள். ஜேம்ஸ் சாமர்செட் என்று ஒருவர், ஆப்பிரிக்காவில் பிடிக்கப்பட்டு அமெரிக்காவில் விற்கப்பட்ட அடிமை. எஜமானர் அவரை லண்டனுக்குக் கூட்டிவர, அங்கே அவர் தப்பித்துவிட்டார். பிடித்து, தேம்ஸில் நின்ற ஒரு கப்பலில் சங்கிலியோடு அடைத்து வைத்தார்கள். கப்பல் ஜமைக்கா போய்ச் சேர்ந்ததும் விற்றுவிடத் திட்டம். அதற்குள் அவருக்குத் தெரிந்தவர்கள் கோர்ட்டுக்கு ஓடினார்கள், கப்பல் கேப்டன் ஆளைக் கொண்டுவந்து நிறுத்த வேண்டியதாயிற்று. 1772-இல் நீதிபதி மான்ஸ்ஃபீல்டு, ஒருவரைப் பலவந்தமாக இந்த நாட்டை விட்டுக் கொண்டுபோக இங்கே சட்டம் இடம் தரவில்லை என்று அவரை விடுதலை செய்தார். சுதந்திர மனிதருக்கு என்று பிரபுக்கள் போட்ட பாதையில், அடிமை ஒருவர் நடந்து வெளியே வந்தார்.

இதுவரை வந்ததைச் சேர்த்துப் பார்த்தால்: ராஜாவின் கருணை என்பது பேரம் பேசி வாங்கிய எழுத்தாயிற்று, எழுத்து கோர்ட் வாசலாயிற்று. ஆனால் இதெல்லாம் இங்கிலாந்துக்காரர்களின் உரிமை. மனிதருக்கே உரிமை என்று இன்னும் யாரும் சட்டம் போடவில்லை.

பிறக்கும்போதே கூட வந்தது

‘இயற்கை உரிமை’ என்பது இங்கேதான் நுழைகிறது. ராஜாவோ சட்டமோ கொடுத்ததால் வந்ததல்ல, பிறக்கும்போதே மனிதரோடு கூட வந்தது, அரசாங்கம் இருப்பதே அதைக் காப்பாற்றத்தான் என்ற எண்ணம். 17, 18-ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் ஜான் லாக் போன்றவர்கள் எழுதி எழுதிப் பரவியது. இதற்குச் சாட்சியம் எதுவும் கிடையாது என்று கேலி செய்தவர்களும் அப்போதே இருந்தார்கள். சாட்சியம் இருக்கிறதோ இல்லையோ, வேலை செய்தது. 1776-இல் அமெரிக்கா தன் விடுதலைப் பிரகடனத்தை இதன்மேல்தான் எழுதியது. 1789 ஆகஸ்டில் பிரெஞ்சுப் புரட்சிக்காரர்கள் 17 பிரிவுகளில் மனிதனின், குடிமகனின் உரிமைப் பிரகடனத்தை வெளியிட்டார்கள்: மனிதர்கள் சுதந்திரமாகவும் உரிமைகளில் சமமாகவும் பிறக்கிறார்கள்.

சரி, அந்த மனிதர்கள் யார் யார்? எல்லா மனிதரும் சமமாகப் படைக்கப்பட்டவர்கள் என்று அமெரிக்காவில் எழுதிய ஜெஃபர்சன், தன் ஆயுளில் 600-க்கும் மேற்பட்ட அடிமைகளை வைத்திருந்தவர். பிரான்ஸில் பெண்களுக்கு ஓட்டு இல்லை, வீட்டு வேலையாட்களுக்கு இல்லை, குறிப்பிட்ட அளவு வரி கட்டாத ஏழைக்கும் இல்லை. ஒலாம்ப் டி கூஜ் என்ற பெண் எழுத்தாளர் 1791-இல் அதே பிரகடனத்தை எடுத்து, ‘மனிதன்’ என்று வரும் இடங்களில் பெண்ணைக் கொண்டுவந்து, பெண்ணின் உரிமைப் பிரகடனம் என்று பதில் எழுதினார். தூக்குமேடை ஏறப் பெண்ணுக்கு உரிமை இருக்கிறதென்றால் பேச்சுமேடை ஏறவும் இருக்க வேண்டும் என்பது அதில் அவர் வாதம். 1793 நவம்பரில், அரசியல் எழுத்துக்காக, அவரைக் கில்லட்டினில் ஏற்றினார்கள். பிரெஞ்சுப் பெண்களுக்கு ஓட்டுரிமை வந்தது 1944-இல்.

இதைவிடப் பெரிய பதில் கடல் தாண்டி வந்தது. இன்று ஹைட்டி என்று சொல்கிறோமே, அது அன்று பிரான்ஸின் சர்க்கரைக் காலனி, சுமார் 5 லட்சம் அடிமைகள். பாரீஸில் அடித்த காற்று அங்கேயும் அடித்தது. 1791 ஆகஸ்டில் கரும்புத் தோட்டங்களுக்குத் தீ வைத்துக் கிளம்பினார்கள். வேறு வழியில்லாமல் 1794-இல் பிரான்ஸ் அடிமை முறையை ஒழித்தது. 1802-இல் நெப்போலியன் திரும்பக் கொண்டுவந்தார், ஒரு படையையும் அனுப்பினார். அந்தப் படை தோற்றது. 1804-இல் ஹைட்டி தனிநாடு. 1789-இல் எழுதியதை எழுத்துக்கு எழுத்து நம்பியவர்கள் அந்த அடிமைகள்தான் என்று எனக்குத் தோன்றும். அதற்குப் பில்லும் வந்தது: 1825-இல் பிரான்ஸ் போர்க்கப்பல்களை அனுப்பி, நாங்கள் இழந்த சொத்துக்கு 15 கோடி ஃபிராங்க் நஷ்டஈடு கொடு என்று கேட்டு வாங்கிக்கொண்டது. அந்தச் சொத்தில் மனிதர்களும் சேர்த்தி.

சென்னையிலிருந்து கிளம்பிய கப்பல்

பிரிட்டன் தன் காலனிகளில் அடிமை முறையை ஒழிக்க 1833-இல் சட்டம் போட்டது. அங்கேயும் அதே கணக்குதான், 2 கோடி பவுண்டு நஷ்டஈடு எஜமானர்களுக்கு, அடிமைகளுக்கு ஒரு காசு இல்லை. ஆனால் கரும்பு வெட்ட ஆள் வேண்டுமே? அங்கேதான் நம்மாட்கள் வருகிறார்கள். ஐந்து வருட ஒப்பந்தத்தில் கைநாட்டு வைத்து மொரீஷியஸுக்கும் மேற்கிந்தியத் தீவுகளுக்கும் கப்பல் கப்பலாகப் போனார்கள். தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குப் போன முதல் கப்பல் ‘ட்ரூரோ’, சென்னையிலிருந்து கிளம்பி 1860 நவம்பர் 16-இல் டர்பன் சேர்ந்தது.

ஒப்பந்தம் முடிந்தும் ஊர் திரும்பாமல் அங்கேயே இருக்க விரும்பியவர்களுக்குத் தலைக்கு வருடம் 3 பவுண்டு வரி போட்டார்கள். 1913-இல் ஒரு கோர்ட், கிறிஸ்தவ முறைப்படி நடக்காத திருமணம் செல்லாது என்று தீர்ப்புச் சொன்னது. ஒரே நாளில் ஆயிரக்கணக்கான மனைவிகள் சட்டத்தின் கண்ணில் மனைவி இல்லை என்றாகிவிட்டது. இவற்றை எதிர்த்து நடந்த போராட்டத்தில் சிறைக்குப் போன பெண்களில் ஒருவர்தான் நாம் பாடத்தில் படிக்கும் தில்லையாடி வள்ளியம்மை. காய்ச்சலோடு வெளியே வந்து 1914 பிப்ரவரியில் இறந்தபோது வயது 16. அதே வருடம், காந்தியோடு பேசி, வரியை நீக்கித் திருமணங்களை ஒப்புக்கொள்ளும் சட்டத்துக்கு வழிசெய்த அமைச்சர் ஜான் ஸ்மட்ஸ்.

இந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். 1945-இல் ஐ.நா. சாசனத்தின் முன்னுரைக்கு முதல் வரைவு எழுதியவர் இதே ஸ்மட்ஸ். ‘அடிப்படை மனித உரிமைகள்’ என்ற சொல் அந்த முன்னுரையில் இருக்கிறது. அடுத்த வருடமே, 1946-இல், இந்தியர்கள் எங்கே நிலம் வாங்கலாம், எங்கே குடியிருக்கலாம் என்று கட்டுப்படுத்தும் சட்டத்தை அவருடைய அரசாங்கம் கொண்டுவந்தது. இன்னும் சுதந்திரம்கூட வாங்காத இந்தியா ஐ.நா.வில் புகார் கொடுத்தது, விஜயலட்சுமி பண்டிட் போய் வாதாடினார். ஸ்மட்ஸின் பதில்: இது எங்கள் உள்நாட்டு விவகாரம்.

என் வீட்டுக்குள் நான் என்ன செய்தால் உனக்கென்ன என்பதுதான் அதுவரை உலக வழக்கம். 1946 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபை மூன்றில் இரண்டு பங்கு வாக்கோடு இந்தியா பக்கம் நின்றது. தென்னாப்பிரிக்கா அதைக் கண்டுகொள்ளவில்லை, நிலைமை இன்னும் மோசமாகத்தான் போயிற்று. ஆனாலும் ஓர் அரசு தன் மக்களை நடத்தும் விதத்தை வெளியிலிருப்பவர்கள் கேள்வி கேட்கலாம் என்பது அங்கே ஆரம்பித்துவிட்டது. ட்ரூரோவில் போனவர்களின் பேரப்பிள்ளைகள் வழக்கில்.

1948, பாரீஸ்

வீட்டுக்குள் நடப்பது என்று விட்டுவைத்தால் எதுவரை போகும் என்பதை ஹிட்லரின் ஜெர்மனி காட்டியிருந்தது. தன் நாட்டு யூதர்களின் குடியுரிமையைப் பறித்தது, சொத்தைப் பறித்தது, கடைசியில் கொன்றது. முதல் இரண்டும் அந்த நாட்டுச் சட்டப்படியே நடந்தவை. அதனால்தான் ‘குடிமகன்’ போதாது, ‘மனிதர்’ என்றே எழுத வேண்டும் என்ற கட்டாயம் வந்தது.

உலக மனித உரிமைப் பிரகடனத்தை எழுத, மறைந்த அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டின் மனைவி எலினார் ரூஸ்வெல்ட் தலைமையில் ஐ.நா.வில் ஒரு குழு உட்கார்ந்தது. லெபனானின் சார்லஸ் மாலிக், சீனாவின் பி.சி. சாங், பிரான்ஸின் ரெனே கஸான், இந்தியாவிலிருந்து ஹன்சா மேத்தா. இதெல்லாம் வெள்ளைக்காரர்கள் எழுதி நம் தலையில் கட்டியது என்பவர்கள் இந்தப் பெயர்களை ஒருமுறை படிக்கலாம். வரைவில் ஆங்கிலத்தில் ஆண்களைக் குறிக்கும் சொல்லே ‘எல்லா மனிதர்களும்’ என்ற பொருளில் இருந்தது. அது எல்லோரையும்தானே குறிக்கும் என்று ரூஸ்வெல்ட்டே நினைத்தார். எங்களைப் போன்ற நாடுகளில் ஆண் என்றால் ஆண் என்றே எடுத்துக்கொள்வார்கள் என்று மேத்தா விடவில்லை. இன்று முதல் பிரிவு, தமிழில், இப்படி ஆரம்பிக்கிறது: “மனிதப் பிறவியினர் சகலரும் சுதந்திரமாகவே பிறக்கின்றனர்.” ஒலாம்ப் டி கூஜுக்கு 150 வருடம் கழித்து வந்த பதில்.

1948 டிசம்பர் 10-ஆம் தேதி பாரீஸில் பிரகடனம் ஓட்டெடுப்புக்கு வந்தது: 48 நாடுகள் ஆதரவு, எதிர்ப்பு ஒன்றும் இல்லை, 8 நாடுகள் நடுநிலை. அந்த எட்டில் சோவியத் அணியும் சவூதி அரேபியாவும் தென்னாப்பிரிக்காவும் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் மறைக்க ஏதோ இருந்தது என்று சொல்வேன். ஆதரவு கொடுத்த, காலனிகள் வைத்திருந்த நாடுகளுக்கும்தான் இருந்தது, அவர்கள் கை தூக்கிவிட்டார்கள்.

பிரகடனம் வேறு, உடன்படிக்கை வேறு

பலரும் தடுக்கி விழுவது இங்கேதான். பிரகடனம் என்பது அறிவிப்பு, ஊர்க்கூட்டத்தில் எல்லோரும் எழுந்து நின்று ‘இனி இப்படி நடந்துகொள்வோம்’ என்று சொல்வது போல. அதை வைத்து மட்டும் கோர்ட்டில் கேஸ் போட முடியாது. உடன்படிக்கை என்பது நாடுகள் கையெழுத்திட்டுத் தம்மைக் கட்டிக்கொள்ளும் ஒப்பந்தம். வெறும் கையெழுத்தும் போதாது, ஏற்புறுதி என்று ஒன்று உண்டு, அதாவது ‘இது எங்களைக் கட்டுப்படுத்தும்’ என்று அந்த நாடு முறைப்படி ஒப்புக்கொள்வது. நிச்சயதார்த்தத்துக்கும் தாலி கட்டுவதற்கும் உள்ள வித்தியாசம்.

1948 பிரகடனத்தை உடன்படிக்கையாக்க 18 வருடம் ஆயிற்று. அதுவும் ஒன்றாக வரவில்லை, 1966-இல் இரண்டாக வந்தது: பேச்சு, ஓட்டு, நியாயமான விசாரணை போன்றவை ஒன்றில், வேலை, சாப்பாடு, படிப்பு, மருத்துவம் இன்னொன்றில். முதலாவது மேல் அமெரிக்க அணிக்கு ஆசை, இரண்டாவது மேல் சோவியத் அணிக்கு. இந்தியா இரண்டையும் 1979-இல் ஏற்றுக்கொண்டது. அமெரிக்கா இரண்டாவதை இன்னும் ஏற்கவில்லை, சீனா முதலாவதில் கையெழுத்துப் போட்டதோடு சரி. சித்திரவதைக்கு எதிரான உடன்படிக்கையில் இந்தியா 1997-இல் கையெழுத்துப் போட்டது. தாலி இன்னும் ஏறவில்லை.

சுருக்கமாக: ஐ.நா. ஜீப்பில் வந்து யாரையும் காப்பாற்றாது. அங்கே எழுதியது உள்நாட்டுச் சட்டமாகி, உள்நாட்டுக் கோர்ட்டுக்கு வந்தால்தான் உங்கள் கைக்கு வரும். நம் அரசியலமைப்பின் மூன்றாம் பகுதியில் உள்ள ‘அடிப்படை உரிமைகள்’ அப்படிக் கோர்ட்டில் கேட்டு வாங்கக்கூடியவை. அதிலும் பேச்சுரிமை, தொழில் உரிமை போன்றவை குடிமக்களுக்கு மட்டும். உயிருக்கும் சுதந்திரத்துக்குமான 21-ஆவது பிரிவு எந்த நபருக்கும். தமிழ்நாட்டு முகாமில் இருக்கும் இலங்கை அகதிக்குப் பின்னது உண்டு, முன்னது இல்லை.

காகிதத்தில் திறந்த குளம்

சட்டம் வந்துவிட்டால் வேலை முடிந்ததா? மகாராஷ்டிரத்தில் மஹாட் என்ற ஊரில் சவ்தார் குளம். பொதுக் குளங்களை எல்லோருக்கும் திறக்க வேண்டும் என்று 1923-இல் பம்பாய் சட்டசபை தீர்மானம் போட்டது, மஹாட் நகராட்சியும் குளத்தைத் திறந்துவிட்டதாகத் தீர்மானம் போட்டது. ஒரு தலித்கூட அங்கே தண்ணீர் எடுக்க முடியவில்லை. 1927 மார்ச் 20-ஆம் தேதி அம்பேத்கர் ஊர்வலமாகப் போய், குனிந்து ஒரு கை அள்ளிக் குடித்தார். பின்னால் வந்தவர்கள் குடித்தார்கள். அன்றைக்கே அடி விழுந்தது. அப்புறம் குளத்தில் மாட்டுச் சாணமும் கோமியமும் ஊற்றிச் ‘சுத்தம்’ செய்தார்கள். டிசம்பரில் மறுபடி கூடிய மாநாட்டில் அம்பேத்கர், இந்தக் கூட்டத்தை 1789-இன் பிரெஞ்சுத் தேசிய சபையோடு ஒப்பிட்டுப் பேசினார். குளம் பொதுச் சொத்து என்று பம்பாய் உயர் நீதிமன்றத் தீர்ப்பு வந்தது 1937-இல். ஒரு கை தண்ணீருக்குப் பத்து வருடம்.

பின்னாளில் அவர் தலைமையில் வரைந்த அரசியலமைப்பில் கடை, கிணறு, குளம் என்றே பெயர் சொல்லி எழுதியிருப்பதற்கு (15-ஆவது பிரிவு) காரணம் இதுவாகத்தான் இருக்க வேண்டும். உரிமை மறுக்கப்பட்டால் நேராக உச்ச நீதிமன்றத்துக்கே போகலாம் என்னும் 32-ஆவது பிரிவைத்தான் அவர் அரசியலமைப்பின் இதயமும் ஆன்மாவும் என்று சொன்னார்.

அந்த வாசலும் ஒருமுறை மூடியது. எமர்ஜென்சியில், விசாரணை இல்லாமல் சிறையில் வைக்க இடம் தந்த மிசா சட்டத்தில் பிடிபட்டவர்களுக்காக ஆட்கொணர்வு மனு போட்டார்கள். நெருக்கடி நிலையில் அப்படிக் கேட்க யாருக்கும் வழியில்லை என்று 1976 ஏப்ரலில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளில் நால்வர் சொல்லிவிட்டார்கள். மறுத்து எழுதியவர் எச்.ஆர். கன்னா மட்டும்; தலைமை நீதிபதி பதவி அவரைத் தாண்டிப் போயிற்று. 1978-இல் செய்த திருத்தத்தின்படி இப்போது எமர்ஜென்சியிலும் 21-ஆவது பிரிவை நிறுத்திவைக்க முடியாது. அந்தத் தீர்ப்பே தப்பு என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2017-இல்.

டீக்கடைப் பெரியவருக்கு

இப்போது அந்தக் கேள்விக்கு வரலாம். திருடன் உங்கள் சங்கிலியை அறுத்தால் அது குற்றம்; அதற்குச் சட்டம், போலீஸ், ஜெயில் எல்லாம் ஏற்கெனவே உண்டு. அதே திருடனை லாக்கப்பில் வைத்து அரசாங்கச் சம்பளம் வாங்குகிறவர் அடித்தால் அங்கே யாரைக் கூப்பிடுவது? மனித உரிமை இந்த இரண்டாவது இடத்துக்காக உண்டானது. அரசின் கைக்குள் முழுசாக அகப்பட்டவர் கைதிதான், அதனால் பேச்சு எப்போதும் அவரைச் சுற்றியே வருகிறது. அவர் திருடனா இல்லையா என்பதும் அந்த நேரத்தில் இன்னும் முடிவாகியிருக்காது. கைது செய்யும் இடத்திலேயே சாட்சிக் கையெழுத்தோடு குறிப்பு எழுத வேண்டும், சொந்தக்காரருக்குச் சொல்ல வேண்டும், 48 மணி நேரத்துக்கு ஒருமுறை டாக்டர் பார்க்க வேண்டும் என்று டி.கே. பாசு வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் போட்ட விதிகள் உங்கள் பையனை ராத்திரி யாரோ என்று நினைத்துப் பிடித்துப் போனாலும் பொருந்தும்.

காரில் ஸ்டிக்கர் ஒட்டியவரிடம் இதில் எந்த அதிகாரமும் கிடையாது. பதிவு செய்த சங்கம் எதுவும் நல்ல வேலை செய்யலாம், புகார் எழுத உதவலாம், ஆனால் விசாரிக்கவோ உத்தரவு போடவோ அபராதத்திலிருந்து தப்பவோ முடியாது. சட்டப்படி உள்ளது 1993-ஆம் ஆண்டுச் சட்டத்தில் வந்த தேசிய மனித உரிமைகள் ஆணையமும், தமிழ்நாட்டில் 1997-இல் அமைத்த மாநில ஆணையமும். அதுவும் கோர்ட் இல்லை. விசாரித்து, நஷ்டஈடு கொடு, நடவடிக்கை எடு என்று அரசுக்குப் பரிந்துரைக்கும். புகாருக்குக் கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டியதில்லை, வெள்ளைத்தாளில் தமிழில் எழுதினாலே போதும். எழுதும்போது சம்பவம் நடந்த தேதியை மேலேயே போட்டுவிடுங்கள். ஒரு வருடம் தாண்டிவிட்டால் ஆணையம் அதை எடுத்து விசாரிக்க முடியாது.